பேணிக்குள் ஒரு பிடி சீனி

அன்பு மகன் கீரனுக்கு,

உன் சிநேகிதன் கமிலோ வந்து போய் இரண்டு நாளாகிறது. நான் இரவல் கொடுத்த பித்தளைப் பேணியைத் திருப்பித் தர வந்தவன், ஒரு செய்தியையும் கொண்டுவந்து கடை மேசையில் வைத்துவிட்டுப் போனான். நியூகாசிலில் ஒரு மியூசியத்தில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். நீ யோசித்துச் சொல்ல வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை கேட்டிருக்கிறாயாம். எனக்கு அது ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துத்தான் அந்தப் பிள்ளை சொன்னான். நானும் தெரிந்தவள் போலவே தலையை ஆட்டினேன். பிறகு அவனுக்குத் தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் உள்ளே போய், கேத்திலுக்கு முன்னால் நின்று உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ அந்த நேரம் கடைக்குச் சாமான் எடுக்க மொத்த விற்பனைக்காரரிடம் போயிருந்தாய். அதுவும் எனக்குக் கோபத்தைக் கூட்டியது.

இதை நேரில் சொல்லலாம்தான். நேரில் சொன்னால் நீ "பார்ப்பம் அம்மா" என்பாய். சொல்லிக்கொண்டே பால் போத்தல்களைக் குளிர்ப்பெட்டிக்குள் அடுக்கத் தொடங்குவாய். யாராவது சிகரெட் கேட்டு வருவார்கள், கதை அதோடு முடிந்துவிடும். நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் ஒரு விஷயத்தை முழுசாகப் பேசி முடித்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். நல்லது, மெதுவாகவே வாசி. அழ அழ உன்னைச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பிரயோசனம் இருக்கட்டும்.

சொல்ல வந்ததை முதலே சொல்லிவிடுகிறேன். நீ அந்த வேலைக்குப் போக வேண்டும். அப்பாவின் முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஆறும்வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு, படிப்பு முடிந்த கையோடு நீ கடைக்குள் வந்தாய். முழங்கால் ஆறிவிட்டது, நீதான் இன்னும் வெளியே போகவில்லை. டொக்டர் நடக்கச் சொன்ன தூரத்தைவிட அவர் கூடவே நடக்கிறார். பூங்காவைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று போய், கூட்டாளிமாரோடு பின்னேரம் முழுக்கச் சீட்டு விளையாடிவிட்டு வருகிறார். நீ கடைக்குள் வரும் சத்தம் கேட்டதும்தான் அவருக்கு நொண்டல் வருகிறது. உனக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் தெரியாதவன் போல இருக்கிறாய் என்றால், நீ ஒளித்துக்கொள்ள அவருடைய முழங்கால் உனக்கு வசதியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நான் இப்படிக் கடுமையாகப் பேசுவது உனக்குப் புதிதாக இருக்காது. ஆனால் இந்த விஷயத்தில் நான் எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. நீ யூனிவர்சிட்டியில் வரலாறு படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனார். நான் எழும்பவில்லை. ஆனால் உன் பக்கம் நின்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வருடம் ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது, மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் "மனேஜ்மென்ட்" என்று சொன்னேன். நீ எனக்குப் பக்கத்தில் அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ரெயினால் எங்கள் ஸ்டேஷனில் இறங்கியதும், எந்தக் கம்பெனியின் மனேஜர் என்றும் ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை.

அதனால்தான் கோடை விடுமுறையில் மியூசியத்தில் இன்டர்ன் வேலை என்று நீ வந்து சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நூதனசாலையில் பழைய சாமான் துடைக்கவா படித்தவன் என்று அப்பா கேட்டார். துடைக்க விடமாட்டார்கள், தொடவே கையுறை வேண்டும் என்று நீ சொன்னாய். இந்தப் பதிலை நான் அன்றைக்கே கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் கிழமையிலிருந்தே உன் கதை முழுக்கக் கமிலோதான். உன்னோடு சேர்ந்த மற்ற இன்டர்ன் அவன். கொலம்பியாக்காரர், எலிபன்ட் அன்ட் காசில் பகுதியில் ஒரு மாடிக்குடியிருப்பில் தாயும் மகனுமாக இருக்கிறார்கள். அவனுடைய தாய் மார்த்தா, விடியமுன் எழும்பிப் போய் ஒஃபிஸ் கட்டடங்களைத் துப்புரவு செய்கிறவள். கமிலோ முதல் நாளே கழுத்துப்பட்டியும் பளபளக்கும் சப்பாத்துமாக வந்து நின்றானாம். மற்ற எல்லோரும் ரீ-ஷேர்ட்டோடு இருந்தார்களாம். அடுத்த நாளும் அவன் கழுத்துப்பட்டியோடுதான் வந்தான் என்று நீ சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அந்தக் கழுத்துப்பட்டியை யார் முடிந்து விட்டிருப்பார்கள் என்று எனக்கு விளங்கியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாய். அவன் ஆட்டுக்கறியையும் புட்டையும் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து அப்பாவுக்கே மனம் இளகிவிட்டது. உறைப்பில் அவனுக்குக் கண்ணால் தண்ணீர் வடிந்தது, ஆனாலும் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான். வருகிற கிழமை உன்னுடைய சிநேகிதனை வரச் சொல்லு என்று அப்பா சொன்னார். என்னை ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லையே என்று நீ முறைத்தாய்.

அந்தக் கோடையில் உங்கள் இருவருக்கும் தரப்பட்ட வேலை, லண்டனுக்கு வந்து குடியேறியவர்கள் தங்களோடு கொண்டுவந்த சாமான்களையும் இங்கே வந்து முதல் பாவித்த சாமான்களையும் இரவல் வாங்கி ஒரு கண்காட்சி வைப்பது. நீ நேரே என்னிடம்தான் வந்தாய். அந்த மூக்குப்பேணி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாய். வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்க மூக்கு வைத்த அந்தப் பித்தளைப் பேணி, யுத்தத்துக்குத் தப்பி ஊரைவிட்டு வெளிக்கிட்ட பெரிய இடப்பெயர்வில் என்னுடைய சைக்கிள் கூடைக்குள் வந்தது. வழியில் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் தங்கியிருந்தபோது எங்களிடம் சட்டிபானை ஒன்றும் மிஞ்சவில்லை. குடிக்கிற பேணியையே மூன்று கல்லில் வைத்து, மழையில் நனைந்த விறகை ஊதி ஊதி அண்ணைக்குத் தேத்தண்ணீர் வைத்தேன். அவருக்கு நல்ல காய்ச்சல். அந்த நெருப்பில்தான் பேணியின் அடி கரிந்தது. நீ சின்ன வகுப்பில் இருக்கும்போது இதை ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். நீ மறக்கவில்லை. அதுமட்டுமா, உன் மேலதிகாரிக்கு முன்னால் நின்று அந்தக் கரியைப் பற்றியே அரைமணி நேரம் பேசி அவரைச் சம்மதிக்க வைத்திருக்கிறாய். அது ஒன்றைத்தான் நீ என்னிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை பின்னேரம் எடுத்து வைக்கச் சொன்னாய், அவ்வளவுதான்.

அந்தப் பேணியை லண்டன் வந்த நாளிலிருந்து நான் கையால் தொடவில்லை. பழைய துவாயொன்றில் சுற்றி, உன்னுடைய குழந்தைச் சட்டைகள் இருக்கிற பெட்டியின் அடியில் கிடந்தது. கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் அதை வெளியே எடுத்தபோது அடிப்பாகத்துக் கரி கையில் ஒட்டியது. இந்தக் கோலத்தில் இதை எப்படி இன்னொரு இடத்துக்குக் கொடுத்துவிடுவது? கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இரவல் கொடுப்பதென்றாலும் தேய்த்துத்தானே கொடுப்போம். புளியைக் கரைத்தேன், உப்பைப் போட்டேன். அதற்கும் மசியாத இடத்துக்குக் கடையில் விற்கிற இரும்புக் கம்பிச் சுருளை எடுத்தேன். கரி இலேசில் விடவில்லை. நானும் விடவில்லை. அது கரைந்து தொட்டிக்குள் கறுப்பாக ஓடியபோது எனக்கு அழுகை வந்தது, கீரன். கவலையில் வந்த அழுகை இல்லை. அந்த முற்றமும் அண்ணையின் இருமலும் விறகின் புகையும் கையைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. பேணி பளிச்சென்று, அம்மாவின் வீட்டு அலுமாரியில் இருந்த நாளைப் போல வந்தது. நீண்ட காலத்துக்குப் பிறகு அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.

பிறகு அதற்குள் ஒரு பிடி சீனியைப் போட்டு, வாயை ஒரு கடதாசியால் மூடி, சேலைக்கடைப் பைக்குள் வைத்து உன் கையில் தந்தேன். எங்கள் வீடுகளில் ஒரு பாத்திரம் வெறுமையாக இன்னொரு வீட்டு வாசலுக்குப் போகாது. பக்கத்து வீட்டு நைஜீரியா அக்கா சோறு தந்துவிட்ட கிண்ணத்தில் நான் வடை வைத்துத் திருப்பிக் கொடுத்ததும், அவ அதைக் கண்டுவிட்டு அடுத்த முறை இரண்டு பங்கு தந்ததும் உனக்குத் தெரியும். மியூசியமும் ஒரு வீடுதானே என்று நினைத்தேன். நீ அவசரத்தில் பையைத் திறந்து பார்க்காமலே கொண்டு போனாய்.

திங்கட்கிழமை காலை உன்னுடைய டெலிபோன் கோல் வந்தது. உன் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

"அம்மா, என்ன செய்து வச்சிருக்கிறீங்கள்? இங்க எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கினம்."

வெளியிலிருந்து வருகிற எந்தச் சாமானையும் பூச்சி புழு இருக்குமோ என்று தனியறையில் வைத்துச் சோதித்துத்தான் உள்ளே எடுப்பார்களாம். அந்த அறையில் ஒரு பிஸ்கட்கூடச் சாப்பிடக் கூடாதாம். அங்கேதான் என்னுடைய சீனி மேசை நிறையக் கொட்டுண்டிருக்கிறது. அதைக் கூட்டித் துடைத்து முடித்த பிறகுதான் பேணியின் அடியைப் பார்த்திருக்கிறார்கள். கரி இல்லை. கம்பிச் சுருள் கீறிய கோடுகள் மட்டும் இருந்தனவாம். அன்று பின்னேரம் நீ வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்றாய்.

"அந்தக் கரிதானம்மா கதை. அதைத்தான் அவையள் கேட்டவை. ஏன் கழுவினனீங்கள்?"

"கரியைக் கழுவுறதுக்குத்தான் மகன் நான் இவ்வளவு தூரம் வந்தனான்" என்றேன்.

நான் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. வாயில் வந்தது. நீ மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நீ சாப்பிட வரவில்லை. எனக்கும் வீம்பு, கூப்பிடவில்லை.

அந்தக் கிழமை முழுக்க வீடு ஒரு மாதிரியாக இருந்தது. பேணியைக் காட்சிக்கு வைப்பதில்லை என்று உன் மேலதிகாரி நினைப்பதாக அப்பாவிடம் நீ சொன்னது என் காதிலும் விழுந்தது. அதைவிட எனக்கு உறைத்தது மற்றது. மார்த்தா லண்டனில் முதன்முதல் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன நீலநிற மேலங்கியைக் கமிலோ கேட்டு வாங்கியிருந்தான். புளித்த மணத்தோடும் பிளீச் பட்ட வெள்ளைத் திட்டுகளோடும், கிழிந்து தொங்கிய பொக்கற்றோடும் அது வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். மார்த்தா அதைத் தோய்த்து, கஞ்சி போட்டு, பொக்கற்றைத் தைத்து, மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணி அனுப்பியிருக்கிறா. அதுவும் வேண்டாமென்று ஒதுக்கப்படப் போகிறது. கமிலோ தாயிடம் ஒன்றும் சொல்லவில்லையாம், கண்காட்சி திறக்கமுன் வேலையை விட்டுவிடுவேன் என்று உன்னிடம் மட்டும் சொன்னானாம். தாய் தன்னுடைய சிநேகிதிகள் எல்லோருக்கும் திறப்பு நாளைச் சொல்லிவிட்டாவாம்.

வியாழக்கிழமை நான் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மியூசியத்துக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை. என்னுடைய சாமான் உங்களுக்கு வேண்டாமென்றால் நானே வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லத்தான் வந்தேன். வாசலில் கமிலோ நின்றான். என்னைக் கண்டதும் அவனுடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவன்தான் என்னை அந்த அறைக்குக் கூட்டிவந்தான். நீளமான மேசை, அதன் மேல் வெள்ளைப் பஞ்சுத் தாளில் என்னுடைய பேணி, பக்கத்தில் அந்த நீல அங்கி. உன் மேலதிகாரி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, அமைதியாகப் பேசுகிற பெண். எனக்குக் கதிரை தந்து தண்ணீரும் தந்தார். நான் கெட்டவர் ஒருவரைத் தேடிக்கொண்டு வந்தேன், அவர் அப்படி இருக்கவில்லை. பயணத்தின் அடையாளம் உள்ள சாமான்களைத்தான் இந்த முறை தேடுகிறோம், இவற்றில் அந்த அடையாளம் போய்விட்டது, பேணியின் பழைய படம் ஏதும் இருந்தால் அதைச் சுவரில் போடலாம் என்று பக்குவமாகச் சொன்னார்.

நான் எழும்பிப் பேணியை எடுக்கக் கையை நீட்டினேன். அப்போதுதான் நீ பேசினாய்.

"அம்மா, நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ. இது என்ர வேலை."

உன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடையில் சாமான் குறைந்தால் நான் பேசுவேன், பள்ளிக்கூடத்தில் உனக்கு ஒன்றென்றால் நான் பேசுவேன், கவுன்சிலோடும் நான்தான் பேசுவேன். நீ எனக்குப் பின்னால் நிற்பாய். அன்றைக்கு நான் கதிரையில் இருந்தேன், நீ எனக்கு முன்னால் நின்றாய். உன் இங்கிலீஷ் எனக்கு முழுக்க விளங்கியது. ஒருவரையொருவர் கண்டிராத இரண்டு தாய்மார், உலகத்தின் இரண்டு மூலையிலிருந்து வந்தவர்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள், இது அடையாளம் இல்லையா என்று கேட்டாய். இவர்கள் எப்படி வந்தார்கள் என்று மட்டும் காட்டப் போகிறோமா, இவர்கள் யார் என்று காட்ட மாட்டோமா என்று கேட்டாய். கம்பிச் சுருள் கீறிய கோடுகளையும் வெளிச்சம் போட்டுக் காட்டுவோம், ஏன் தேய்த்தா என்று எழுதுவோம், சீனியையும் எழுதுவோம் என்றாய். உன் கை நடுங்கியது. குரல் நடுங்கவில்லை.

கமிலோ அதுவரைக்கும் கழுத்துப்பட்டியின் நுனியை உருட்டிக்கொண்டிருந்தான். நீ முடித்ததும் அவன் ஒன்றே ஒன்று சொன்னான். அம்மா இந்த அங்கியைப் போட்டுக்கொண்டு வேலை செய்த காலத்தில் ஒருவரும் அவவைத் திரும்பிப் பார்க்கவில்லை, இப்போது பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அயர்ன் பண்ணினா, அவ்வளவுதான் என்றான். உன் மேலதிகாரி உடனே சம்மதிக்கவில்லை. காட்சிப்பெட்டியில் ஒட்டுகிற குறிப்பை இரண்டு பேரும் புதிதாக எழுதிக்கொண்டு வாருங்கள், வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். நான் பேணியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்கு உன்மேல் கோபம் வரவேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. பெருமையாக இருந்தது. இதை நான் உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் என்னுடைய கண்ணால் கண்டதையும் கேள். நீங்கள் எழுதிய குறிப்பை அவர் ஏற்றுக்கொண்டார். உண்மைச் சீனி வைக்க மட்டும் ஏலாது என்று சொல்லி, பார்த்தால் சீனி மாதிரியே இருக்கிற ஏதோ ஒன்றைப் பேணிக்குள் ஒட்டி வைத்தார்கள். திறப்பு நாளில், பொய்ச் சீனிக்கு இவ்வளவு வேலையா என்று அப்பா காட்சிப்பெட்டிக்கு முன்னால் நின்று சத்தமாகக் கேட்டார், நீ அவரை அங்கால் இழுத்துக்கொண்டு போனாய். நானும் மார்த்தாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் தெரிந்த இங்கிலீஷ் அந்த நேரம் வாயில் வரவில்லை. அவ பேணியின் பளபளப்பைக் காட்டிவிட்டு, தேய்க்கிற மாதிரிக் கையை ஆட்டினா. நான் அங்கியைக் காட்டி அயர்ன் பண்ணுகிற மாதிரிக் கையை ஆட்டினேன். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காவலுக்கு நின்ற பெடியன் திரும்பிப் பார்த்தான்.

இப்போது முந்தநாள் கதைக்கு வருகிறேன். கண்காட்சி முடிந்துவிட்டது. கமிலோவுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது, சனி ஞாயிறில் அந்த மியூசியத்தில்தான் வேலை செய்கிறான். பேணியைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறான். பெட்டியைத் திறந்தான். பஞ்சுத் தாளுக்குள் பேணி பத்திரமாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, பொய்ச் சீனியையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய முறை அது, நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் அவன் பேணியை என் கையில் தரவில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தன்னுடைய தோள் பைக்குள் கைவிட்டான். கடதாசியில் சுற்றிய மண்ணிறக் கட்டியொன்றை எடுத்துப் பேணிக்குள் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் தந்தான். அம்மா தந்துவிட்டா, வெறுமையாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டா என்றான். கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுக்கிற கட்டியாம், அவர்களுடைய ஊரில் எல்லா வீட்டிலும் இருக்குமாம். நான் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டேன். எங்கட சர்க்கரைதான் மகன், வேறொன்றும் இல்லை. அப்பா ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு, பனங்கட்டிக்குக் கிட்டவும் வராது என்றார். பிறகு இன்னொரு துண்டு எடுத்தார்.

அப்போதுதான் கமிலோ நியூகாசில் கதையைச் சொன்னான். அந்த வேலையில் புதிதாக ஒரு காட்சிக்கூடத்தையே நீ தொடக்கத்திலிருந்து அமைக்க வேண்டுமாம். அவன் போன பிறகு அப்பா கடைக் கதிரையிலேயே இருந்தார். சீட்டு விளையாடவும் போகவில்லை. நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன், எனக்கு உன் விஷயத்தில் இனி வாயை மூடிக்கொண்டிருக்கிற எண்ணம் இல்லை. ஆனால் சண்டைக்கு வேலை வரவில்லை. அவர் எழும்பி, ஒரு வெள்ளை மட்டையில் தடித்த பேனையால் எழுதத் தொடங்கினார். எட்டிப் பார்த்தேன். கடைக்கு உதவிக்கு ஆள் தேவை என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார். அதை ஜன்னலில் ஒட்டிவிட்டு, நொண்டாமல் திரும்பி வந்தார்.

"நான் சொன்னனான் எண்டு அவனிட்டைச் சொல்லாதை. ஆனால் போகச் சொல்லு" என்றார்.

நீ நேற்று அந்த மட்டையைக் கண்டுவிட்டு என்னவென்று கேட்டாய். கிறிஸ்மஸ் நேரத்துக்கு ஆள் எடுக்கிறோம் என்று நான் சொன்னது பொய். உனக்குப் பதிலாக எடுக்கிறோம். ஒரு பெண்பிள்ளை வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டாள், திங்கட்கிழமை தொடங்குவாள். ஆகவே இங்கே உனக்கு இனி வேலை இல்லை, கீரன். அப்பாவைச் சாட்டாதே, என்னையும் சாட்டாதே. இரண்டு பேரும் உயிரோடும் சண்டையோடும் நன்றாகத்தான் இருக்கிறோம். உனக்குப் பயமாக இருந்தால் பயம் என்று சொல்லு, அது நியாயம். தெரியாத ஊர், குளிர், எங்கட ஆட்கள் குறைவு. எனக்கும் ஒரு காலத்தில் இந்த ஊர் அப்படித்தான் இருந்தது. அந்த அறையில் கை நடுங்க நடுங்க நின்று பேசினாயே, அதே மாதிரிப் போ. நடுக்கம் நின்ற பிறகு போகலாம் என்று காத்திருக்காதே. நான் காத்திருந்தால் இன்றைக்கும் கொடிகாமத்தில்தான் இருந்திருப்பேன். இனி ஈலிங்கில் யார் கேட்டாலும் மகன் மியூசியத்தில் வேலை என்று சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

உன்னுடைய பெரிய சூட்கேசை மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். தடித்த கம்பளிச் சட்டைகள் மேலே இருக்கின்றன. அடியில், அதே பழைய துவாயில் சுற்றிப் பேணியை வைத்திருக்கிறேன். மார்த்தா தந்த கட்டியில் அப்பா மிச்சம் விட்டதை அதற்குள் போட்டு, மேலே ஒரு பிடி சீனியும் போட்டு, வாயை இறுக்கிக் கட்டியிருக்கிறேன். உண்மைச் சீனி. வெள்ளிக்கிழமைக்கு முன் பதிலை எழுதி அனுப்பு. நியூகாசிலில் உன் அறைக்குப் பக்கத்து அறையில் யாரோ ஒருவர் இருப்பார். அவர் யாராக இருந்தாலும் பரவாயில்லை. போய் இறங்கின அன்றே பேணியைக் கொண்டுபோய்க் கதவைத் தட்டு. அது வெறுமையாகத் திரும்பி வந்தால் எனக்கு ஒரு கோல் எடு, மகன். கடையைப் பூட்டிவிட்டு அடுத்த ரெயினில் நான் வருகிறேன்.

அன்புடன்,
அம்மா